மில் யார்டில் டிரான்ஸ்ஃபார்மர்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைத் தேடும் வழி

பல்லடம், சோமனூர், அவிநாசி பக்கத்து நூற்பாலைகளில் 22 கேவி-யை 433 வோல்ட்டாக இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. 250 கேவிஏ முதல் 1600 கேவிஏ வரை, எல்லாமே ஆயில் நிரப்பி வெளியே யார்டில் நிற்பவை. வருஷா வருஷம் அதே ஏழெட்டுக் கோளாறுகள்தான் வருகின்றன. ராத்திரி ரெண்டு மணிக்கு ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் போனில் கேட்கும் கேள்விகளும் அதேதான். அவர்களுக்குச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் யார்டில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பெரிய செலவு கடைசியில் வரும்.

ஒரு நோட்டு மட்டும் கட்டாயம் வேண்டும். ஆயில் டெம்பரேச்சர், வைண்டிங் (உள்ளே சுற்றிய காயில்) டெம்பரேச்சர், ஆயில் லெவல், மூன்று பேஸ் ஆம்பியர், வெளி வெப்பம், மணி. தினமும் ஒரே நேரத்தில் ஒரு வரி எழுதினால் போதும். 72 டிகிரி என்று போனில் சொன்னால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. போன மாதம் இதே லோடில் 61 என்று சேர்த்துச் சொன்னால் உடனே கிளம்பி வருவேன்.

தொடுவதற்கு முன்

எல்.டி. (433 வோல்ட் பக்கம்) பிரேக்கரை ஆஃப் செய்து, கெப்பாசிட்டர் பேனலைத் துண்டித்து, அப்புறம் ஹெச்.டி. (22 கேவி பக்கம்) பிரேக்கரான விசிபி-யை ஆஃப் செய்து வெளியே இழுத்துவிடுங்கள். லைனைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சைத் திறந்து பூட்டுப் போடுங்கள். டெஸ்டரில் பார்த்துவிட்டு எர்த் ராடு மாட்டுங்கள். ஏபி சுவிட்ச் மின்வாரியத்தின் பக்கம் இருந்தால் லைன் கிளியர் (லைன் ஆஃப் ஆகிவிட்டது என்ற வாரியத்தின் அனுமதி) வாங்காமல் ஏணி வைக்கக் கூடாது.

ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவரையும் கூரை சோலார் பிரேக்கரையும் தனியாகப் பாருங்கள். கீழ்ப்பக்கம் 415 வோல்ட் தவறி ஏறினால், அதே டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்து மேல்பக்கம் 22 கேவி-யை எழுப்பிவிடும். ஹெச்.டி. ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கை வைத்தவர்கள் இப்படித்தான் போயிருக்கிறார்கள்.

பிரீதரில் சிலிகா ஜெல் நிறம் மாறுகிறது

பிரீதர் என்பது டிரான்ஸ்ஃபார்மர் மூச்சு விடும் பைப்பில், காற்றின் ஈரத்தைப் பிடிக்க மாட்டியிருக்கும் ஜெல் குடுவை. நீல ஜெல் ஈரம் பிடித்தால் ரோஸ் ஆகும். ஆரஞ்சு ஜெல் பச்சையாகும். நிறம் மாறியதா என்பதோடு எங்கிருந்து மாறுகிறது என்றும் பாருங்கள்.

*கீழிருந்து மேலே மாறினால்:* அதுதான் சரியான போக்கு. வெளிக்காற்று கீழே உள்ள ஆயில் கப் வழியாக வருகிறது, ஜெல் ஈரத்தைப் பிடிக்கிறது. பாதிக்கு மேல் மாறியதும் மாற்றிவிடுங்கள். பழைய ஜெல்லை 120, 130 டிகிரியில் ஓவனில் வைத்தால் நிறம் திரும்பும். அதற்கு மேல் சூடேற்றினால் ஜெல் கருகிவிடும். நீல ஜெல்லில் இருக்கும் கோபால்ட் குளோரைடு நச்சுப்பொருள், அதனால் கேன்டீன் அடுப்பிலோ வாணலியிலோ வறுக்க வேண்டாம்.

புது ஜெல் ஒரே மாதத்துக்குள் முழுசாக மாறினால் ஆயில் கப்பைப் பாருங்கள். பெரும்பாலும் கப் காய்ந்திருக்கும். குறித்த கோடு வரை ஆயில் ஊற்றுங்கள், கோட்டைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் காற்றோடு ஆயிலும் மேலே போய் ஜெல் பிசுபிசுவென்று கறுத்துவிடும்.

*மேலிருந்து கீழே மாறினால்:* இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதமான ஒரு ஹெல்பர் பையன். "அண்ணா, மத்ததுல எல்லாம் கல்லு கீழயிருந்து வெளுக்குது, இதுல மட்டும் மேலயிருந்து வெளுக்குதுங்க" என்றான். ஏறிப் பார்த்தால் பிரீதரும் பைப்பும் சேரும் ஃபிளாஞ்சில் கேஸ்கெட் வெடித்திருந்தது. மழைக்காற்று ஜெல்லைத் தொடாமலே கன்சர்வேட்டருக்குள் (டேங்குக்கு மேலே இருக்கும் ஆயில் தொட்டி) போய்க்கொண்டிருந்தது. ஃபிளாஞ்ச் கேஸ்கெட், பைப் ஜாயின்ட், கண்ணாடியில் விரிசல் என்று இந்த வரிசையில் தேடுங்கள். கேஸ்கெட்டின் விலை ஒன்றுமில்லை. ஆனால் இப்படி எத்தனை நாள் ஓடியதோ தெரியாது என்பதால் ஆயில் சாம்பிள் எடுத்து பிடிவி (ஆயில் எத்தனை கேவி வரை தாங்கும் என்ற சோதனை) பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

*மாறவே இல்லை என்றால்:* ஐப்பசி மழை முழுசாகப் பெய்து முடிந்தும் ஜெல் கடையில் வாங்கிய நிறத்திலேயே இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். பிரீதர் மூச்சு விடவில்லை என்று அர்த்தம். புது பிரீதரின் அடியில் ஒட்டி வரும் சீலை எடுக்காமல் மாட்டியிருப்பார்கள், இதை நானே நாலைந்து இடத்தில் பார்த்திருக்கிறேன். குளவி கூடு கட்டி அடைத்ததும் உண்டு. காலையில் லோடு ஏறும்போதும் மாலையில் லோடு இறங்கும்போதும் ஆயில் கப்பைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். குமிழ் வந்தால் மூச்சு ஓடுகிறது. வராவிட்டால் ஷட்டவுன் வாங்கி அடைப்பை எடுங்கள்.

ஆயில் லெவல் குறைகிறது, எங்கோ கசிகிறது

லெவல் வெப்பத்தோடு ஏறி இறங்கும். அதிகாலையில் குறைவாகவும் மத்தியானம் கூடுதலாகவும் தெரிவது இயல்பு. ஒரே டெம்பரேச்சரில் போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறதா என்று நோட்டில் பாருங்கள். கேஜ் கண்ணாடியே அடைத்துக்கொண்டு பொய் லெவல் காட்டும் என்பதால் அதையும் ஒருமுறை சந்தேகப்படுங்கள். நாள் முழுக்க மயிரிழைகூட அசையாத லெவல் நம்பத்தக்கது இல்லை.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்க ஷட்டவுனில் டேங்கைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, சந்தேகமான ஜாயின்ட்களில் சாக்பீஸ் தூள் தடவுங்கள். ஒருநாள் ஓடியதும் ஈரம் எங்கே தொடங்குகிறது என்று தூளே காட்டிவிடும். ஆயில் கீழே சொட்டும் இடத்துக்கும் கசியும் இடத்துக்கும் நாலு அடி தூரம்கூட இருக்கும். நான் பார்த்தவரை எல்.டி. புஷ்ஷிங் (டேங்கிலிருந்து டெர்மினல் வெளியே வரும் பீங்கான்) கேஸ்கெட்டுக்குத்தான் முதலிடம். அப்புறம் ரேடியேட்டர் ஃபிளாஞ்ச், டிரெய்ன் வால்வு, டாப் கவர்.

முதலில் போல்ட்டை முடுக்கிப் பார்க்கலாம். எதிரெதிர் மூலையாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். ஒரே பக்கம் முடுக்கினால் கார்க் கேஸ்கெட் பிதுங்கி வெளியே வரும், இல்லையென்றால் புஷ்ஷிங் பீங்கான் கீறும். நூறு ரூபாய்க் கசிவை நிறுத்தப் போய் புஷ்ஷிங்கையே மாற்ற வேண்டி வரும். முடுக்கியும் நிற்காவிட்டால் கேஸ்கெட் மாற்ற வேண்டியதுதான். அதற்கு ஆயிலை இறக்க வேண்டும் என்பதால் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். வெல்டிங்கில் ஊசித்துளை என்றால் எம்-சீல் வைத்து அடுத்த ஷட்டவுன் வரை ஓட்டலாம். டேங்கில் வெல்டிங் வைப்பது ரிப்பேர் ஷாப்காரர் வேலை, மில் வெல்டரை ஏற்ற வேண்டாம்.

டாப்-அப் செய்யும் ஆயிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஷெட்டுக்கு வெளியே நிமிர்த்தி வைத்த பேரலின் மேல்மூடியில் மழைநீர் தேங்கும். ராத்திரி பேரல் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தண்ணீரை மூடி வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சீல் உடைக்காத பேரலிலும் இது நடக்கிறது. கூரைக்குக் கீழே வையுங்கள். வெளியே வைத்தே ஆக வேண்டும் என்றால் படுக்க வைத்து, ரெண்டு மூடியும் ஒரே மட்டத்தில் ஆயிலுக்குள் மூழ்கியிருப்பது போல உருட்டி வையுங்கள். ஊற்றுவதற்கு முன் அந்தப் பேரல் ஆயிலுக்கும் பிடிவி பாருங்கள். ஊற்றி முடித்ததும் புக்கோல்ஸ் ரிலேயிலும் (டேங்குக்கும் கன்சர்வேட்டருக்கும் நடுவே, வாயு சேர்ந்தால் அலாரம் அடிக்கும் கருவி) புஷ்ஷிங் தலையிலும் காற்றைத் திறந்து விடுங்கள்.

லெவல் கன்சர்வேட்டரைத் தாண்டி புக்கோல்ஸ் கண்ணாடிக்கு இறங்கிவிட்டது என்றால் அடுத்த ஷிஃப்டுக்குக் காத்திருக்காமல் ஆஃப் செய்யுங்கள்.

டெம்பரேச்சர் வழக்கத்தைவிட ஏறுகிறது

முதலில் லோடு. எல்.டி. 433 வோல்ட் என்றால் கேவிஏ-வை 1.33-ஆல் பெருக்கினால் முழு லோடு ஆம்பியர் கிடைக்கும். 500 கேவிஏ-க்கு 667, 1000 கேவிஏ-க்கு 1333. மூன்று பேஸிலும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பாருங்கள். மொத்தம் சரியாக இருந்து ஒரு பேஸ் மட்டும் ஓங்கியிருந்தாலும் சூடு ஏறும்.

அடுத்து, மீட்டர் சொல்வது உண்மையா? தெர்மாமீட்டர் பாக்கெட்டில் ஆயில் காய்ந்துவிட்டால் ரீடிங் குறைவாகக் காட்டும். டேங்க் சுவரில் மேல் ஆயில் மட்டத்தில், பெயின்ட் உள்ள இடத்தில், இன்ஃப்ராரெட் கன் பிடித்து ஒப்பிடுங்கள். அதேபோல நல்ல லோடில் வைண்டிங் டெம்பரேச்சரும் ஆயில் டெம்பரேச்சரும் ஒட்டி ஒரே அளவு காட்டினால், அந்த மீட்டருக்குப் போகும் சிடி (லோடு கரன்ட்டை அளந்து தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) வயர் விட்டுப்போயிருக்கும். வைண்டிங் எப்போதும் ஆயிலைவிடச் சூடாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம் ரேடியேட்டர். மில் யார்டில் ஹியூமிடிஃபிகேஷன் எக்ஸாஸ்ட் பக்கம் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மர்களில் பஞ்சுத் தூசி இதழ்களுக்கு நடுவே மெத்தை மாதிரி அடைந்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது, டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஷட்டவுனில் ஏர் பிடித்து, நீளமான நைலான் பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தள்ளுங்கள். ஒரு மில்லில் இதை மட்டும் செய்ததற்கே 9 டிகிரி இறங்கியது.

ஒரு ரேடியேட்டர் மட்டும் முழுசாகக் குளிர்ந்து, மற்றவை சூடாக இருக்கிறதா? மெயின்டனன்சுக்கு வந்தவர்கள் வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்திருக்கிறார்கள். எல்லா ரேடியேட்டரும் மேலும் கீழும் ஒரே மாதிரி மந்தமாக இருந்தால் ஆயில் லெவல் மேல்பைப்புக்குக் கீழே போயிருக்கலாம், சுற்றோட்டம் நின்றிருக்கும்.

சமீபத்தில் ஸ்பின்னிங் ஃபிரேம்களுக்கு இன்வெர்ட்டர் டிரைவ் நிறைய மாட்டினீர்களா? ஆம்பியர் அதே அளவு காட்டினாலும் ஹார்மோனிக்ஸால் (டிரைவ் கிளப்பும் அலைச்சிதைவு) உள்ளே சூடு கூடும். பவர் அனலைசர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அந்தக் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட வேண்டிய வேலை இது.

லோடு அதே, வெளி வெப்பம் அதே, ரேடியேட்டர் சுத்தம், வால்வு திறந்திருக்கிறது, மீட்டரும் சரி. ஆனாலும் நோட்டில் இருப்பதைவிட 8, 10 டிகிரி கூடுதல் என்றால் கோளாறு உள்ளே இருக்கிறது. டேப் சுவிட்ச் (வைண்டிங் சுற்றைக் கூட்டிக் குறைத்து வோல்டேஜை மாற்றுவது) கான்டாக்ட், உள் ஜாயின்ட், கோர் (காயிலுக்கு நடுவே உள்ள இரும்பு) எர்த் என்று எதுவாகவும் இருக்கலாம். ஆயிலில் கரைந்த வாயுப் பரிசோதனைக்கு, அதாவது டிஜிஏ-வுக்கு, சாம்பிள் அனுப்புங்கள். வைண்டிங் பேப்பரின் வயசு அதன் சூடான இடத்தில் ஏறும் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகிறது. அந்தப் பேப்பர் ஒருமுறை நொறுங்கினால் எந்த ஃபில்டரும் அதைத் திருப்பித் தராது.

லைட் மங்குகிறது, மோட்டார் உறுமுகிறது, வோல்டேஜ் தாறுமாறு

இந்தப் போன் வந்தால் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எல்.டி. லோடு எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து டெர்மினலில் ஆறு அளவு எடுங்கள். மூன்று பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே மூன்று, பேஸுக்குப் பேஸ் மூன்று. லோடோடு எடுத்தால் ஓடும் மோட்டார்களே வோல்டேஜைத் திருப்பி ஊட்டிக் குழப்பிவிடும்.

*250, 125, 125. பேஸுக்குப் பேஸ் 375, 375, பூஜ்யம்:* ஹெச்.டி. பக்கம் ஒரு லைன் போயிருக்கிறது. டெல்டா-ஸ்டார் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு லைன் விட்டால் ஒரு வைண்டிங்குக்கு முழு வோல்டேஜும் மற்ற ரெண்டுக்கும் பாதிப்பாதியும்தான் கிடைக்கும். எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் இந்த முழுசு-பாதி-பாதி உருவத்தை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் அப்புறம் மறக்காது. முதலில் சப்ஸ்டேஷனுக்குப் போன் செய்து அவர்கள் பக்கம் லைன் விட்டிருக்கிறதா என்று கேளுங்கள், காசில்லாத வேலை. இல்லை என்றால் டிபி ஸ்ட்ரக்சரில் (லைன் வந்து சேரும் இரட்டைக் கம்பம்) ஃபியூஸ், ஏபி சுவிட்ச் பிளேடு, ஜம்பர் என்ற வரிசையில் பாருங்கள். ஃபியூஸ் போயிருந்தால் கீழே தரையில் தேடுங்கள். அணிலோ காக்கையோ ஓணானோ கருகிக் கிடந்தால் காரணம் கிடைத்துவிட்டது. புஷ்ஷிங்கில் கரித்தடத்தைத் துடைத்து, கீறல் இல்லை என்று பார்த்து, மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) போட்டுவிட்டு கரன்ட் ஏற்றலாம். எதுவும் கிடைக்காமல் ஃபியூஸ் போயிருந்தால் கடைசித் தலைப்பில் உள்ள சோதனைகளைச் செய்யாமல் புது ஃபியூஸ் கட்டாதீர்கள்.

*பேஸுக்குப் பேஸ் சரியாக 430 பக்கம், ஆனால் நியூட்ரலுக்கு 310, 190, 240 என்று தாறுமாறு:* இது நியூட்ரல் விட்டது. லோடு இல்லாதபோது சமமாகக் காட்டி, லோடு ஏற்றியதும் இப்படி விலகும் என்பதால் ஆஃப் செய்வதற்கு முன் பேனல் வோல்ட் மீட்டர் என்ன காட்டியது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் கம்ப்யூட்டர், ஹாஸ்டல் ஃபேன், டியூப்லைட் எல்லாம் இதில்தான் எரியும். பேனல் நியூட்ரல் பார், கேபிள் லக், டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் புஷ்ஷிங் நட் என்று வரிசையாக முடுக்கிப் பாருங்கள். நியூட்ரலுக்குத் தனியாக ரெண்டு எர்த் பிட், பாடிக்குத் தனியாக ரெண்டு இருக்க வேண்டும். அந்த எர்த் ஸ்டிரிப் துரு ஏறி மண்ணுக்குள் அறுந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன், மேலே தெரியும் பாகம் மட்டும் பளபளவென்று இருந்தது.

*மூன்றும் சமம், ஆனால் குறைவு:* லைன் வோல்டேஜ் குறைவா என்று ஹெச்.டி. மீட்டரில் பாருங்கள். நீண்டகாலமாகவே குறைவு என்றால் டேப் மாற்றலாம். நம் மில்களில் இருப்பவை பெரும்பாலும் ஆஃப்-சர்க்யூட் டேப் சுவிட்ச். முழு ஷட்டவுன் இல்லாமல் கைப்பிடியைத் தொட்டால் உள்ளே ஆர்க் அடித்து வைண்டிங் போய்விடும். பல வருஷம் அசையாத சுவிட்ச்சை முதலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலைந்து முறை திருப்பி, கான்டாக்ட் படலம் தேய்ந்தபின் வேண்டிய இடத்தில் நிறுத்திப் பூட்டுங்கள். வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் அளக்கும் மீட்டர் கைவசம் இருந்தால் மூன்று பேஸும் ரெண்டு சதவீதத்துக்குள் ஒத்து வருகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது.

எல்.டி. டெர்மினல் கறுத்திருக்கிறது, அதே புஷ்ஷிங் அடியில் ஆயில் ஈரம்

ரெண்டும் ஒரே நோய். ஜாயின்ட் சூடாகி, அந்தச் சூடு கேஸ்கெட்டை வேகவைத்திருக்கிறது. கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும்.

செம்பு ஸ்டெம்மில் அலுமினிய லக்கை நேராக முடுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். பைமெட்டல் லக்கோ வாஷரோ போட வேண்டும். ஸ்டெம்மின் மரை தேய்ந்திருந்தால், கனமான கேபிளின் எடை முழுக்க புஷ்ஷிங்கில் தொங்கினால், அதையும் சரிசெய்யுங்கள். கேபிளுக்குக் கிளாம்ப் வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

ஓடும்போது கண்காணிக்க, ஷட்டவுனில் மூன்று டெர்மினலிலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். பளபளப்பான உலோகத்தில் இன்ஃப்ராரெட் கன் குறைவாகக் காட்டும், டேப்பின் மேல் பிடித்தால் சரியாகக் காட்டும். ஆம்பியர் சமமாக இருக்கும்போது ஒரு டெர்மினல் மற்றதைவிட 10, 15 டிகிரி கூடினால் வரும் ஞாயிறு ஷட்டவுனில் பிரித்துப் பாருங்கள்.

சத்தம் மாறியிருக்கிறது

சீரான உறுமல் இயல்பு. தகரம் அதிர்வது போலக் கிரகிரத்தால் ரேடியேட்டர் கிளாம்ப், பைப், மார்ஷலிங் பாக்ஸ் (கன்ட்ரோல் வயர்கள் வந்து சேரும் பெட்டி) கதவு, அடிச்சக்கரத்தின் ஸ்டாப்பர். மரக்கட்டையால் அழுத்திப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும், ஹெச்.டி. பக்கம் மட்டும் போகாதீர்கள். ராத்திரியில், லோடு குறைந்தபோது மட்டும் உறுமல் கூடினால் கெப்பாசிட்டர்கள் கழலாமல் நின்று வோல்டேஜை ஏற்றிக்கொண்டிருக்கும். மழைத்தூறலில் படபடவென்று பொரிந்தால் புஷ்ஷிங்கில் தூசி அல்லது கீறல்.

டேங்குக்கு உள்ளிருந்து சொடக்கு விடுவது போல, கொதிப்பது போலக் கேட்டால் அருகில் நிற்க வேண்டாம். ஆஃப் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆயில் டெஸ்டில் பிடிவி குறைவாக வந்திருக்கிறது

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஃபில்டர் வண்டிக்குச் சொல்லாதீர்கள். முதலில் சாம்பிளைச் சந்தேகப்படுங்கள். குடிநீர் பாட்டிலில் பிடித்த சாம்பிள், மழைநாளில் பிடித்தது, வால்வில் தேங்கியிருந்த முதல் ஆயிலையே பிடித்தது, இவை எல்லாமே குறைத்துக் காட்டும். வெயில் நாளில், அடி வால்வை வெளியே துடைத்து, ஒன்றிரண்டு லிட்டர் வடியவிட்டு, அதே ஆயிலால் உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலைக் கழுவி, விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். லெவல் கடைசிக் கோட்டில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரிலும், முழுக்க சீல் செய்த வகையிலும் வால்வைத் திறக்காதீர்கள்.

பிடிவி என்பது 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஆறு முறை அடித்து எடுக்கும் சராசரி. ஓடும் ஆயிலுக்கு நம் 22 கேவி வகையில் 40 கேவி-க்கு மேல் இருந்தால் நிம்மதி. 30-க்கும் 40-க்கும் நடுவே என்றால் மூன்று மாதத்தில் மறுபடி பாருங்கள். 30-க்குக் கீழே என்றால் ஃபில்டர். ராத்திரி அவசரத்துக்கு ஒரு பழைய வழி உண்டு: யார்டிலிருந்து தள்ளி, சூடான இரும்புத் தட்டில் ரெண்டு சொட்டு விட்டால், தண்ணீர் இருந்தால் கடுகு தாளிப்பது போல வெடிக்கும். வெடிக்காவிட்டால் நல்ல ஆயில் என்று முடிவு கட்ட முடியாது, வெடித்தால் கெட்டது என்பது நிச்சயம்.

ஃபில்டர் செய்து 60-க்கு ஏற்றிய ஆயில் ஆறே மாதத்தில் 30-க்கு இறங்கினால் திரும்பத் திரும்ப ஃபில்டருக்குச் செலவழிக்க வேண்டாம். ஒன்று, ஈரம் இன்னும் உள்ளே வருகிறது: பிரீதர், டாப் கவர் கேஸ்கெட். இல்லையென்றால் பேப்பர் நனைந்திருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மருக்குள் இருக்கும் ஈரத்தில் பெரும்பங்கு பேப்பரில்தான் தங்கும். ஆயிலை உலர்த்தினால் பேப்பர் மெதுவாக மறுபடி விட்டுக்கொடுக்கும். அப்போது வைண்டிங்கையே உலர்த்த வேண்டும், அது ஷாப் வேலை. ஆசிடிட்டி 0.30-ஐத் தாண்டியிருந்தால் சாதாரண ஃபில்டரால் பயனில்லை. ஆயிலை மாற்றுவதா, மறுசுத்திகரிப்பதா என்று கேட்டு முடிவெடுங்கள்.

புக்கோல்ஸ் அலாரம் அடிக்கிறது

ரிலேயின் கண்ணாடியைப் பாருங்கள். ஆயில் நிறைந்திருக்கிறது, வாயு இல்லை என்றால் டெர்மினல் பாக்ஸில் மழைநீர் புகுந்து வயர் ஷார்ட் ஆகியிருக்கும். மழை பெய்த மறுநாள் வரும் அலாரத்தில் பாதி இதுதான். கிளாண்டை மாற்றி, பாக்ஸை உலர்த்தி, கேபிளைக் கீழிருந்து மேலாக நுழையவிடுங்கள்.

கண்ணாடியில் ஆயிலே இறங்கியிருந்தால் கசிவுத் தலைப்புக்குப் போங்கள்.

மேலே வாயு சேர்ந்திருக்கிறது என்றால், சமீபத்தில் ஃபில்டரோ டாப்-அப்போ நடந்ததா என்று பாருங்கள். நடந்திருந்தால் சிக்கிய காற்று சில நாள் வரும். வெளியே விட்டு, எவ்வளவு நேரத்தில் மறுபடி சேர்கிறது என்று நோட்டில் எழுதுங்கள். நேரம் நீண்டுகொண்டே போனால் காற்றுதான். இடைவெளி குறைந்துகொண்டே வந்தால், அல்லது ஆயில் வேலை எதுவும் நடக்காமலே வாயு வந்தால், ஆஃப் செய்துவிடுங்கள். நிறமும் மணமும் இல்லாதது காற்றாக இருக்கலாம். கருகிய மணம் இருந்தால் உள்ளே ஏதோ வெந்திருக்கிறது. பழைய ஆட்கள் ரிலே காக்கில் தீக்குச்சி வைத்து எரிகிறதா என்று பார்ப்பார்கள். அதைச் செய்யவே செய்யாதீர்கள், ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் வெளியே வரும் இடம் அது. வாயுவைக் கண்ணாடி சிரிஞ்சில் பிடித்து, ஆயில் சாம்பிளோடு டிஜிஏ-வுக்கு அனுப்புங்கள். பெங்களூரு சிபிஆர்ஐ (மத்திய மின் ஆராய்ச்சி நிறுவனம்) உட்பட பல லேப்களில் செய்கிறார்கள். அசிட்டிலீன் வந்திருந்தால் ஆர்க். எத்திலீன் ஓங்கியிருந்தால் சூடான ஜாயின்ட் அல்லது கோர். கார்பன் மோனாக்சைடு ஏறிக்கொண்டே வந்தால் பேப்பர். ரிப்போர்ட் கையில் வரும்வரை ஏற்ற வேண்டாம்.

டிரிப் ஆகிவிட்டது, திரும்ப ஏற்றலாமா?

இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். சில வருஷம் முன் ஒரு மில்லில் விசிபி டிரிப் ஆனது. ஆர்டர் அவசரம், உடனே ஏற்றினார்கள், டிரிப். ரிலே செட்டிங்கை ஏற்றி வைத்துவிட்டு மூன்றாம் முறை ஏற்றினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டேங்க் சுவர் வயிறு மாதிரி உப்பியிருந்தது, வென்ட் பைப் வழியே பீய்ச்சிய ஆயில் ஜல்லி முழுக்கக் கறுப்பாகப் பரவியிருந்தது. உள்ளே ஒரு காயிலில் நாலைந்து சுற்று ஷார்ட்தான் முதலில் இருந்திருக்கும். மூன்றாவது முறைக்குப் பின் மூன்று காயிலும் போயிருந்தது, கோரும் உருகியிருந்தது. முதல் டிரிப்பிலேயே நிறுத்தியிருந்தால் ஒரு காயில் செலவோடு முடிந்திருக்கும். யாரும் அருகில் நிற்காதது அன்றைய நல்ல நேரம்.

ரிலே கொடியை (எதனால் டிரிப் ஆனது என்று காட்டும் குறி) ரீசெட் செய்யும் முன் போட்டோ எடுங்கள். டேங்க், வென்ட், புஷ்ஷிங், கேபிள் எல்லாவற்றையும் கண்ணால் பாருங்கள்.

ஏற்றிய அதே நொடியில் இன்ஸ்டன்டேனியஸ் (தாமதமில்லாமல் உடனே டிரிப் செய்யும்) கொடி மட்டும் விழுந்தது, புக்கோல்ஸ் அமைதி, ரிலே அண்மையில் மாற்றியது என்றால் இன்ரஷ் கரன்ட்டாக இருக்கலாம். ஏற்றும்போது முழு லோடைப்போல எட்டு, பத்து மடங்குகூட ஒரு கணம் இழுக்கும். ரிலே டெஸ்ட் செய்பவர் செட்டிங்கைச் சரிபார்க்க வேண்டும். ஆனாலும் அதை நம்பி மறுபடி ஏற்றும் முன் கீழே உள்ள சோதனைகள் உண்டு.

ஹெச்.டி., எல்.டி. கேபிள்களைக் கழற்றித் தனியாக மெக்கர் போடுங்கள். பாதி நேரம் குற்றவாளி கேபிள் எண்ட் டெர்மினேஷன்தான், டிரான்ஸ்ஃபார்மர் நன்றாக இருக்கும். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர்: 5 கேவி மெக்கரில் ஹெச்.டி.-எர்த், ஹெச்.டி.-எல்.டி., 500 வோல்ட்டில் எல்.டி.-எர்த். ஆயில் டெம்பரேச்சரையும் எழுதுங்கள், 10 டிகிரி ஏறினால் மெக்கர் அளவு சுமார் பாதியாகும். ஒவ்வொரு அளவுக்கும் பின் டிஸ்சார்ஜ் செய்யுங்கள்.

மெக்கர் நன்றாக வந்ததும் ஏற்றிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. சுற்றுக்குச் சுற்று ஷார்ட் மெக்கரில் தெரியாது. அதற்கு ரேஷியோ டெஸ்ட் (ஹெச்.டி., எல்.டி. வோல்டேஜ் விகிதம் பார்ப்பது) வேண்டும். 22 கேவி/433-இல் நார்மல் டேப்பில் ஒரு பேஸுக்கு 88 வர வேண்டும், அரை சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது. வைண்டிங் ரெசிஸ்டன்ஸ் மூன்று பேஸும் ஒத்து வர வேண்டும். எல்.டி.-யைத் திறந்து வைத்து ஹெச்.டி.-யில் 415 வோல்ட் கொடுத்துக் காந்தமூட்டும் கரன்ட்டை மில்லி ஆம்பியரில் அளந்தால், ஷார்ட் ஆன பேஸ் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். இந்தக் கருவிகள் மில்லில் இருக்காது, டெஸ்டிங் ஆளைக் கூப்பிடும் இடம் இதுதான்.

எல்லாம் சரியாக வந்தால், எல்.டி.-யைத் திறந்து வைத்து, யார்டில் யாரும் இல்லாமல், விசிபி-யைத் தூரத்திலிருந்து ஆன் செய்து ரெண்டு மூன்று மணி நேரம் வெறுமனே ஓடவிடுங்கள். புக்கோல்ஸில் வாயு சேராவிட்டால் லோடைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

ஏதாவது ஒன்று தவறாக வந்தால் ரிப்பேர் ஷாப். அனுப்பும்போது நேம் பிளேட் போட்டோ, ரிலே கொடி போட்டோ, கடைசி ஆறு மாத நோட்டுப் பக்கம், பழைய டிஜிஏ ரிப்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். "இங்கேயே டாப் கவரைத் திறந்து பார்த்துவிடலாம்" என்று வந்தவர் சொன்னால், வானத்தைப் பாருங்கள். மேகமோ ஈரக்காற்றோ இருந்தால் மறுத்துவிடுங்கள்.